ஏழு பேர் உலையில் பதினோரு துடிப்பு

ஏழு பேர் என்று எழுதிக் கொடுத்த இடத்தில் பதினோரு இதயம் துடித்திருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

புஷ்பகனி அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தாள். முதல் தடவை, எழுதினவனுக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைத்தாள். இரண்டாம் தடவை, நம் ஆட்களில் யாரோ திருட்டுத்தனம் பண்ணுகிறார்கள் என்று நினைத்தாள். மூன்றாம் தடவை அதையே முடிவாக வைத்துக்கொண்டாள். அவள் சுபாவம் அப்படி. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள். கேஸை அணைத்துவிட்டேன் என்று புருஷன் சொன்னால், "எந்தப் பக்கம் திருப்பினீங்க?" என்று கேட்கிறவள். தென்கரை உருக்காலையில் அவளுக்கு வாய்த்த வேலையும் அதற்குத் தோதானதுதான். ஏற்றுமதிச் சான்று அதிகாரி. கப்பலேறும் ஒவ்வொரு தகட்டுக்கும், இத்தனை பேர் உழைப்பில் செய்தது, இதில் பொய் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

ஆலை, தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளங்கள் முடிகிற இடத்தில் இருந்தது. அங்கே செய்கிற தகடு பனிக்கடலில் ஓடும் கப்பல்களுக்குப் போகும். வேடிக்கையைப் பாருங்கள், பிறந்ததிலிருந்து ஐஸைக் கண்ணாடி டம்ளரில் மட்டுமே பார்த்த ஜனங்கள், மைனஸ் அறுபதிலும் விரிசல் விடாத எஃகை உருக்கிக் கொடுத்தார்கள். உலகத்தில் வேறு எவனாலும் அந்தத் தரத்தை அந்த விலைக்குக் கொடுக்க முடியவில்லை. நாட்டின் எஃகு ஏற்றுமதியைப் பற்றி டெல்லியில் யார் மார்தட்டினாலும் கடைசியில் காட்டுவது இந்தத் தகட்டைத்தான்.

வாங்குகிற மேற்குச் சந்தை நாடுகளுக்கு அதுவே கண்ணை உறுத்தியது. இவ்வளவு மலிவாக எப்படி முடிகிறது? ஆட்களை அடைத்து வைத்து வேலை வாங்குகிறார்களோ? அதைக் கண்டுபிடிக்கத்தான் அவர்களுடைய தொழிலாளர் கண்காணிப்பு வாரியம் 'சாட்சி'யை அனுப்பிவைத்தது. நெல்லிக்காய் அளவில் ஒரு பீங்கான் உருண்டை. உலைக்கு இருபதடி தள்ளித் தூணில் பதித்திருக்கும். பெயர் தெரியாது, முகம் தெரியாது. சுற்றி நிற்கிறவர்களின் இதயத் துடிப்பை மட்டும் கேட்டுப் பதிந்துகொள்ளும். ஆறு வருஷமாக அது கேட்டுக்கொண்டே இருந்தது. அதைத் தொடவோ திறக்கவோ ஆலைக்கு உரிமை கிடையாது. வாரியம் மட்டும்தான் திறந்து படிக்கும். திறந்தது இதுதான் முதல் தடவை.

"முப்பத்தெட்டு சதவீதம்," என்றார் பொது மேலாளர் திரவியம். ஏசி அறையிலும் அவருக்கு வேர்த்திருந்தது. "ஆள ஒளிச்சு வச்சிருக்கோம்னு முடிவு பண்ணிட்டான்னா தகட்டுக்கு முப்பத்தெட்டு சதவீதம் கூடுதல் வரி போட்டுருவான். அப்புறம் நம்ம சரக்க எவன் வாங்குவான்? ரெண்டாம் நம்பர் உலைய அணைச்சிர வேண்டியதுதான். ஆயிரத்து நானூறு குடும்பம் மேடம்."

"சார், ஒண்ணு கேக்கேன். மறைக்காம சொல்லுங்க. கார்டு இல்லாத ஆள எவனாவது காண்ட்ராக்டர் உள்ள விடுதானா?"

"என்னையவே கேக்கீங்களா?"

"கையெழுத்து என்னோடது சார். கேக்கத்தான் செய்வேன்."

திரவியம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையும் அவள் மனசில் குறித்துக்கொண்டாள். பதில் சொல்ல வாரியம் இருபது நாள் கொடுத்திருந்தது. துறைமுகத்தில் கப்பல் நின்றுகொண்டிருந்தது.

கடிதத்தோடு நேரமும் வந்திருந்தது. அந்த உபரி நாலு துடிப்பும் எப்போதும் ஷிப்டு மாறுகிற வேளையில்தான் வருகின்றன. மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து இரண்டே முக்காலுக்குள் காணாமல் போகின்றன. புஷ்பகனி உலைத் தளத்தின் கேமராப் பதிவுகளைப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் சொல்லிவைத்தாற்போல இரண்டு மணிக்குப் படம் இருண்டது. உற்றுப் பார்த்தால் ஒரு துண்டின் கரை தெரிந்தது. பச்சைக் கரை போட்ட துண்டு. அதைத் தோளில் போட்டுத் திரிகிறவர் ஆலையிலேயே ஒருத்தர்தான். ஏ ஷிப்டு உலை ஃபோர்மேன் இன்னாசிமுத்து.

"அடப்பாவி மனுஷா," என்றாள் வாய்விட்டு. வேதக்கோயிலில் முன்வரிசையில் முழங்கால் போடுகிற ஆள். ஆலையில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் பந்தி விசாரிக்கிற ஆள். அவரா காசு வாங்கிக்கொண்டு திருட்டு ஆள் விடுகிறார்? அவளுக்கு ஆத்திரமும் வந்தது, கண்டுபிடித்துவிட்டோம் என்று கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. அதை ஒளிப்பானேன்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சுண்ணாம்புத் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். சங்கு ஊதியது. ஏ ஷிப்டு ஆட்கள் கார்டைத் தேய்த்துவிட்டு வெளியே போனார்கள். பி ஷிப்டு ஏழு பேர் வந்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பழைய இரும்பு கொட்டுகிற பக்கத்துக் கதவு வழியாக நாலு பேர் பூனை மாதிரி உள்ளே நுழைந்தார்கள். முன்னால் வந்தவர் தோளில் இருந்த துண்டை எடுத்து கேமரா மேல் வீசினார்.

யாரோ அந்நியர்கள் என்று காத்திருந்தவளுக்குத் திக்கென்றது. நாலு பேருமே சற்றுமுன் கார்டைத் தேய்த்துவிட்டுப் போன ஏ ஷிப்டு ஆட்கள்.

இன்னாசிமுத்துவும் பி ஷிப்டு ஃபோர்மேன் சேர்மதுரையும் உலை வாயைக் கூர்ந்து பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு சாக்பீஸை எடுத்து, ஒருத்தருக்கொருத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு, இரும்புக் கதவின் இரண்டு பக்கமும் ஏதோ எண்ணை எழுதினார்கள். திரும்பிப் பார்த்ததும் ஆரம்பித்தது சண்டை.

"ஏல, ஆயிரத்து அறுநூத்துப் பத்து டிகிரியா? பதினாறு முப்பதுல்ல இருக்கு! கண்ணுல என்ன பீளையா?"

"அண்ணே, நீரு காலையில இருந்து பாத்து பாத்து கண்ணு காஞ்சு போச்சு. நான் இப்பதான் வாரேன். பதினாறு பத்துக்கு மேல ஒரு புள்ளி கிடையாது. அடியில எதோ குளிர்ந்து கிடக்கு."

"குளிர்ந்து கிடக்கா? எங்க?"

பதினோரு பேரும் கூடிக்கொண்டார்கள். ஒருத்தன் காலையில் போட்ட பழைய இரும்பில் ஈரம் இருந்தது என்றான். இன்னொருத்தன் வடக்குப் பக்கச் செங்கல் தேய்ந்திருக்கிறது என்றான். கத்தினார்கள், கெட்ட வார்த்தையும் பேசினார்கள். கொஞ்சம் சுண்ணாம்பு போட்டு, மூன்று நிமிஷம் பிடித்து வைத்து, அப்புறம் கருவியை விட்டு அளந்தார்கள். சேர்மதுரை சொன்னது சரியாக இருந்தது. "இன்னைக்கு வடை உம்ம கணக்கு," என்று அவன் சிரித்தபோதுதான் புஷ்பகனி வெளியே வந்தாள்.

"என்ன அண்ணாச்சி நடக்குது இங்க?"

இன்னாசிமுத்துவுக்கு முகம் செத்துப்போனது. "ஒண்ணுமில்ல மேடம். கண்ணாடிய மறந்து வச்சிட்டுப் போயிட்டேன். அத எடுக்க..."

"நாலு பேருமா கண்ணாடிய மறந்தீங்க?"

சேர்மதுரைதான் உண்மையைச் சொன்னான். "மேடம், கார்ட தேய்ச்ச ஆளு தளத்துல நின்னா சஸ்பெண்டு. அதுக்குத்தான் துண்டு. மத்தபடி எங்க அப்பன் காலத்துல இருந்து இப்படித்தான். அவுங்க உருக்குன ஹீட்ட அவுங்க இறக்கிக் குடுத்துட்டுத்தான் போவாவ." உலையை ஒரு தடவை நிரப்பி, உருக்கி, இறக்குவதற்கு அவர்கள் பாஷையில் ஹீட்டு என்று பெயர்.

"இதுக்கு யாரு கூலி குடுக்கா?"

"கூலியா?" இன்னாசிமுத்துவுக்குக் கேள்வியே புரியவில்லை. "பாதியில விட்டுட்டுப் போனா வீட்டுல சோறு இறங்குமா மேடம்?"

புஷ்பகனி நம்பவில்லை. சும்மா எவனாவது நாற்பது நிமிஷம் நெருப்புப் பக்கத்தில் நிற்பானா? நாலு பேரின் சம்பளச் சீட்டையும் பார்த்தாள். அவர்கள் பெண்சாதிகளிடம் விசாரித்தாள். சேர்மதுரையின் மாமியாரைக்கூட விடவில்லை. ஒன்றும் சிக்காததால்தான் வேறு வழியில்லாமல் நம்பினாள்.

திரவியத்துக்கு விஷயம் தெரிந்ததும் வாசலில் ஆள் போட்டார். சங்கு ஊதினதும் ஏ ஷிப்டு ஆட்களை கேட்டுக்கு வெளியே தள்ளிவிட உத்தரவு. மூன்று நாள் சாட்சி ஏழு துடிப்பைத்தான் கேட்டிருக்கும். அந்த மூன்று நாளில் ஷிப்டு மாறும்போது இறக்கின மூன்று ஹீட்டில் இரண்டின் தகடு உறைகுளிர்ச் சோதனையில் பிளந்துபோனது.

திரவியம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவனுகள வெளிய தள்ளினா தகடு போச்சு. உள்ள விட்டா வரி வந்துரும். என்னதான் செய்ய?"

"இருக்கிறத அப்படியே சொல்லிருவோம் சார்," என்றாள் புஷ்பகனி. "யாரும் கட்டாயப்படுத்தல, அவுங்களா நிக்காவன்னு நிரூபிச்சுக் காட்டுவோம். அவுங்க ஆள அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க."

வாரியம் அனுப்பின ஆளைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆச்சரியம். வெள்ளைக்காரனை எதிர்பார்த்திருந்தார்கள். வந்தது தர்ஷினி. முப்பது வயதிருக்கும். தாய் தகப்பன் யாழ்ப்பாணம், பிறந்து வளர்ந்தது பனி நாட்டில். இறங்கினதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஆபீசுக்குள் வந்தாள்.

"தமிழ் தெரிஞ்ச ஆளா பாத்து அனுப்பியிருக்கானுகளே, என்ன உள்குத்தோ?" என்று புஷ்பகனி திரவியத்தின் காதில் சொன்னாள். ஆனால் அந்தச் சந்தேகம் ஒரு மதியச் சாப்பாட்டுக்குக்கூடத் தாங்கவில்லை. அந்தப் பெண் மீன்குழம்பை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அம்மாவின் கைப்பக்குவத்தை நினைத்து அழுதாள். எல்லோரையும் அக்கா, ஐயா என்று கூப்பிட்டாள். அப்படிப்பட்டவளை எப்படிச் சந்தேகப்படுவது?

"நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது அக்கா," என்றாள் தர்ஷினி. "ஆனா அங்க இருக்கிறவை நம்பமாட்டினம். கூலி இல்லாமல் நிக்கினம் எண்டா ஏன் நிக்கினம்? அந்த நாப்பது நிமிசமும் என்ன செய்யினம்? வடிவா எழுதிக் காட்டினாத்தான் அது கொத்தடிமை வேலை இல்லை எண்டு நான் சொல்லலாம்."

நியாயமான கேள்விதானே? புஷ்பகனி வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். தன் ஆட்களைத் திருடர்கள் என்று நினைத்த குற்ற உணர்ச்சி வேறு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. இப்போது அவர்களை நல்லவர்கள் என்று உலகத்துக்கு நிரூபிக்க வேண்டும். நாலு நாள் இன்னாசிமுத்துவையும் சேர்மதுரையையும் உட்காரவைத்து, தர்ஷினியைக் கேள்வி கேட்கவைத்தாள். உலை வாயில் எதைப் பார்த்து எண் எழுதுகிறீர்கள்? இரண்டு எண்ணும் எவ்வளவு விலகினால் சண்டை வரும்? சண்டையில் யார் சொல் எடுபடும்? எப்போது சுண்ணாம்பு, எப்போது பொறுமை?

தர்ஷினி மடிக்கணினியில் சாட்சியின் ஆறு வருஷப் பதிவைத் திறந்து காட்டினாள். வரி வரியாகத் துடிப்புகள். வாரியத்துக்கு அது வெறும் ஏற்ற இறக்கம்தான், எந்த அர்த்தமும் தெரியாது. புஷ்பகனி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விளக்கினாள். "இந்தா, இங்க ரெண்டு பேருக்கும் படபடன்னு அடிக்குது பாரு. எண்ணு ஒத்துப்போகல. இந்த இடத்துல எல்லாருக்கும் அடங்குது, காரணத்தக் கண்டுபிடிச்சிட்டாங்க. இது சுண்ணாம்பு போட்ட நேரம்."

"ஐயோ, எவ்வளவு அருமையான விசயம் அக்கா," என்று தர்ஷினி எழுதிக்கொண்டே போனாள்.

சேர்மதுரைக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் எந்த இன்ஜினியரும் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை. தான் தப்பாகச் சொன்ன நாட்களைக்கூட ஞாபகப்படுத்திச் சொன்னான். இன்னாசிமுத்து மட்டும் நாலாம் நாள் புஷ்பகனியைத் தனியே கூப்பிட்டார்.

"யம்மா, ஒண்ணு கேக்கேன். எங்கள யாரும் அடிச்சு வேல வாங்கலங்கிறதுக்கு, நாங்க நெருப்ப எப்படிப் பாக்கோம்கிறது எதுக்கு? இவ்வளவு எதுக்கு அந்தப் புள்ள கேக்கு?"

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி," என்று அவள் எரிந்து விழுந்தாள். "துண்டப் போட்டு மறைச்சது நீங்க. இப்ப காப்பாத்த வந்தவளப் போயி சந்தேகப்படுதீங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உலைப் பக்கம் போனார்.

பதினெட்டாம் நாள் தீர்ப்பு வந்தது. 'தொழிலாளர் தாமாக விரும்பி அளிக்கும் கூட்டுழைப்பு. மறைத்த உழைப்பு அன்று. கூடுதல் வரி இல்லை.' கப்பல் கிளம்பிவிட்டது. திரவியம் ஆலை முழுக்க லட்டு கொடுத்தார். ஏ ஷிப்டு ஆட்கள் முன்வாசல் வழியாகவே தளத்துக்குத் திரும்பி வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள், அந்த நாற்பது நிமிஷத்துக்குச் சம்பளமும் உண்டு என்று போட்டார்கள். புஷ்பகனிக்கு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். அவள் வெட்கப்பட்டாள், ஆனால் மாலையைக் கழற்ற அவசரப்படவில்லை.

எட்டு மாதம் நல்லபடியாகப் போனது. ஒன்பதாம் மாதம் கப்பல் கம்பெனியிலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. அடுத்த வருஷத்து ஆர்டர் கிடையாது. வேறு இடத்தில் அதே தரம், பாதி விலை. ஒரு விளம்பரப் புத்தகத்தையும் கூடவே வைத்திருந்தார்கள்.

பனி நாட்டில் ஒரு புது உருக்காலை. படத்தில் உலை இருந்தது, பக்கத்தில் ஒரு மனுஷ முகம்கூட இல்லை. உலையை இரண்டு யந்திர மூளைகள் பார்த்துக்கொள்கின்றன என்று எழுதியிருந்தது. இரண்டும் தனித்தனியாக வெப்பத்தை மதிப்பிடும், ஒன்று சொன்னது மற்றதுக்குத் தெரியாது. பத்துப் புள்ளிக்கு மேல் விலகினால் உலையை இறக்காமல் காரணம் தேடும். விட்டுப்போகிற மூளை, வந்து சேர்கிற மூளையோடு நாற்பது நிமிஷம் கூடவே இருக்கும். ஆறு வருஷ மனித அனுபவப் பதிவில் பயின்றவை என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

புஷ்பகனி பக்கத்தைத் திருப்பினாள். கடைசிப் பக்கத்தில் வாரியத்தின் முத்திரை. உலையடியில் சாட்சி கேட்ட இதயத் துடிப்பு: பூஜ்யம். மறைத்த உழைப்பு: இல்லை. உலகத்தின் முதல் முழுச் சுத்தமான எஃகு. ஆளை ஒளிக்கக் கூடாது என்று சட்டம் போட்டவர்களுக்கு, ஆளே இல்லாத உலையைவிட உத்தமமானது வேறென்ன இருக்கும்?

அலமாரியைத் திறந்து, தர்ஷினி வந்தபோது கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்தாள். பதினேழாம் பிரிவில் இருந்தது: 'விளக்கத்தின்போது தரப்படும் தகவல்கள் வாரியத்தின் சொத்து. வாரியம் விரும்பியவர்களுக்கு வழங்கலாம்.' அவள் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். படித்திருந்தாள். இரண்டு தடவை படித்து ஓரத்தில் டிக் கூடப் போட்டிருந்தாள். எல்லாப் படிவத்திலும் இருக்கிறதுதானே என்று விட்டுவிட்டாள்.

தர்ஷினியைப் போனில் பிடிக்க மூன்று நாள் ஆனது.

"சத்தியமா எனக்குத் தெரியாது அக்கா," என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. "உங்களைக் காப்பாத்தத்தான் அவ்வளவு வடிவா எழுதினனான். அதை அவை வித்துப்போட்டினம். இப்ப எனக்கும் வேலை இல்லை. ஆளே நிக்காத உலையில நான் ஆரைப் போய் விசாரிக்கிறது?"

சொல்வது நிஜமா நடிப்பா? வாழ்க்கை முழுக்க எல்லோரையும் சந்தேகப்பட்டே பழகினவளுக்கு அன்றைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மாசக் கடைசியோடு ரெண்டாம் நம்பர் உலையை அணைப்பது என்று முடிவாகியது. அதைத் தளத்தில் போய்ச் சொல்கிற வேலையைத் திரவியம் வேறு யாரிடமோ கொடுக்கப் போனார். "நான் போறேன் சார்," என்றாள் புஷ்பகனி.

மதியம் இரண்டே கால். இன்னாசிமுத்துவும் சேர்மதுரையும் கதவில் எண் எழுதி முடித்திருந்தார்கள். புத்தகத்தைக் காட்டி, எழுதியிருந்ததையெல்லாம் தமிழில் சொன்னாள். நடுவில் எதையும் விடவில்லை, பதினேழாம் பிரிவையும் சொன்னாள்.

சேர்மதுரை சாக்பீஸைக் கீழே போட்டான். "நான் தப்பாச் சொன்ன நாளையெல்லாம் சொன்னேனே, அதையுமா மேடம் எடுத்துக்கிட்டானுவ?"

"அதத்தான் முதல்ல எடுத்திருப்பான்," என்றார் இன்னாசிமுத்து. பிறகு அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அண்ணாச்சி, நான்தான்..." உலைத் தளத்தில் இருபது வருஷத்தில் முதல் தடவையாக எல்லோர் முன்னாலும் அழுதாள்.

"அழாதீங்கம்மா." அவர் உலைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "துண்டு வச்சிருந்தவன், காண்ட்ராக்டரு, மேலாளரு, என் பெண்டாட்டி, இவன் மாமியாரு. இத்தன பேரையும் சந்தேகப்பட்டீக. அந்தப் புள்ள எதுக்கு இவ்வளவு கேக்குன்னு நானா வந்து சொன்னேன். அன்னைக்கு ஒரே ஒருநா எங்களக் கொஞ்சம் நம்பியிருக்கலாமே."

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஹீட்டு இறக்குகிற நேரமாகிவிட்டது.